லேத்துக்குச் சகிப்புத்தன்மை கிடையாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காசிமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட், எதிர்க்கடையில் டீ. இவ்வளவுதான் என் ஸ்தாபனம். உங்கள் நாளிதழை முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்குகிறேன். வாசகர் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது, ஞாயிறு இணைப்பில் மாணவர்களுக்காக நீங்கள் போடும் தொழில்நுட்பச் சொல் விளக்கம்.

சென்ற வாரம் அதில் வந்த சொல் ‘டாலரன்ஸ்’. “சகிப்புத்தன்மை. ஓர் இயந்திரப் பாகம் எந்த அளவுக்குத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதைக் குறிக்கும்” என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படிக்கிறாள். அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டு என்னிடம் வந்தாள். “தாத்தா, நீ நாள் பூரா மைக்ரோமீட்டரை வச்சிக்கினு பாக்கறது சகிப்புத்தன்மையாமே! பாட்டி கேட்டா சிரிக்கும்.” அந்தக் குணம் எனக்குக் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். அதனால் வீட்டில் எல்லாரும் நன்றாகவே சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் உறுத்தியது. அவளுக்கு வாய்மொழித் தேர்வு வரப்போகிறது. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் கேட்டு, இவள் உங்கள் விளக்கத்தை ஒப்பித்தால் இரண்டு மார்க் போகும். போனால் போகட்டும். ஆனால் நாளைக்கே இவள் ஏதோ ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்து, தப்பாக வந்த ஜாபை, அதாவது கடைந்து முடித்த பாகத்தை, கையில் எடுத்து, ‘இதைக் கொஞ்சம் சகித்துக்கொள்ளலாம்’ என்று இந்தப் பக்கம் தள்ளிவிட்டால்? அந்த நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்தை எங்கள் கடற்கரையிலிருந்தே சொல்கிறேன். விசைப்படகில் எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகிற தண்டு ஒன்று உண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட். படகின் பின்பக்கம் ஒரு குழாய்க்குள் நுழைந்து அது கடல் தண்ணீருக்குள் போகும். குழாய்க்குள் ஷாஃப்ட் உட்கார்ந்து சுற்ற ஒரு புஷ் வேண்டும், நடுவில் துளை உள்ள உருளை மாதிரி. கன்மெட்டல் என்கிற வெண்கல வகையில் கடைவோம், இப்போதெல்லாம் நைலானிலும் கடைகிறோம். ஷாஃப்டின் விட்டம் 50 மில்லி, அதாவது மில்லிமீட்டர், என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகச்சரியாக 50 என்று, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், உலகத்தில் எந்த லேத்தும் கடைய முடியாது. டீக்கு முன்னால் ஒன்றும் டீக்குப் பிறகு ஒன்றும் ஒரே கையால் கடைந்தாலும் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. டூல் தேயும். மிஷின் சூடேறும். ஜாபைக் கவ்வுகிற சக்கின் பிடி மாறும். இது தெரிந்த ஆள் டிராயிங் போட்டால் ஓர் எண்ணோடு நிறுத்த மாட்டார். ‘49.98-க்குக் கீழே போகாதே, 50.00-க்கு மேலே போகாதே’ என்று இரண்டு எண் சொல்வார். கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற அகலம் 0.02 மில்லி. அந்த அகலத்துக்குப் பெயர்தான் டாலரன்ஸ்.

இதில் தவறு என்ற பேச்சே எங்கும் வரவில்லை, பாருங்கள். 49.983 வந்தாலும் சரியான ஜாப், 49.997 வந்தாலும் சரியான ஜாப். ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று கிடையாது. 49.979 வந்தால் அது ஸ்கிராப். அங்கே யாரும் யாரையும் பொறுத்துக்கொள்வதில்லை. வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்த கணக்கு இது. உங்கள் விளக்கத்தைப் படித்தால், வேலை முடிந்து, கோணல் தெரிந்து, அப்புறம் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கு இது புரிந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் புரியும். ஐடிஐ முடித்துவிட்டு, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்தேன். அங்கே மயிரிழையையும் அளக்கிற மைக்ரோமீட்டரையெல்லாம் எங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிளக் கேஜ் கொடுப்பார்கள். கைப்பிடி நடுவில், இரண்டு முனையிலும் இரண்டு உருளை. ஒரு முனை ‘கோ’. மற்றது ‘நோ கோ’, அதில் சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கும். துளை போட்ட ஜாபை எடுத்து ‘கோ’ முனையைச் செருகினால் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் துளை கீழ் எல்லையைத் தொடவில்லை. சிவப்பு முனையைச் செருகினால் போகவே கூடாது. போய்விட்டால் துளை மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் இப்படிச் செருகிச் செருகிப் பார்த்த கை இது. ஒருநாள் சிவப்பு முனை லேசாக நுனி மட்டும் நுழைந்தது. “சார், கொஞ்சம்தான் போவுது” என்றேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், ஜாபை வாங்கினார், ஸ்கிராப் பெட்டியில் போட்டார். வாயைத் திறக்கவே இல்லை. டாலரன்ஸுக்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தச் சத்தம்தான்.

அப்புறம் காசிமேட்டுக்கு வந்து ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். அவர் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். தச்சர்களோடு பேசும்போது நூல் கணக்கு, அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. லேத்தில் நின்றால் தௌ கணக்கு, இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிக்கு அவர் மாறவே இல்லை. லேத்தின் தலைப்பெட்டி, அதான் ஹெட்ஸ்டாக், மேல் சாக்பீஸால் இரண்டு எண் எழுதிவிட்டு ஒன்று சொல்வார்: “துளைன்னா சின்ன நம்பர்கிட்ட நில்லு. தண்டுன்னா பெரிய நம்பர்கிட்ட நில்லு. எடுக்கலாம், ஒட்ட முடியாது.” துளை சிறிதாக இருந்தால் இன்னொரு கட்டிங் ஓட்டலாம், தண்டு பருமனாக இருந்தால் இன்னும் சீவலாம். தாண்டிவிட்டால் உலோகத்தை யார் திருப்பி ஒட்டுவது? நாற்பது வருஷமாக நான் படித்த எந்தப் புத்தகமும் டாலரன்ஸை எப்படிக் கையாள்வது என்று இதைவிடக் குறைந்த வார்த்தையில் சொன்னதில்லை.

அந்த மேஸ்திரியிடம் இருந்தபோதுதான் நான் ஒரு படகையே நிறுத்தினேன். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது நாட்கள் குறைவு, ஆனால் அவசரம் இதே அவசரம்தான். படகுகளையெல்லாம் மேலே ஏற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது, ஷாஃப்ட் பார்ப்பது என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். எங்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த நாட்களில்தான். அப்படி வந்த ஒரு கன்மெட்டல் புஷ். உள்விட்டம் 50.10-லிருந்து 50.14-க்குள் இருக்க வேண்டும். மேஸ்திரி சொன்ன மாதிரி சின்ன நம்பர் பக்கம் நின்றேன். அவசரத்தில், சூட்டைத் தணிக்கிற கூலண்ட் விடாமல், துளையை அகலப்படுத்துகிற போரிங் டூலை ஓட்டினேன். கடைசி கட்டிங் முடிந்ததும் அளந்தேன். 50.11. பூரித்துப்போனேன். புஷ் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தது. கந்தல் துணியால் சுற்றிப் பிடித்துத்தான் கழற்றினேன். அது எனக்கு ஒரு சங்கதியாகவே படவில்லை.

இப்போது கணக்கு போட்டால் சிரிப்பு வருகிறது. கன்மெட்டல் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 18 மைக்ரான் விரியும். ஒரு மைக்ரான் என்றால் மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மில்லி துளை, பட்டறைச் சூட்டைவிட ஒரு 40 டிகிரி கூடுதலாக இருந்திருந்தால் 36 மைக்ரான். ஆறியதும் என்னுடைய 50.11, 50.07 பக்கம் வந்து நின்றிருக்கும். அதோடு போச்சா? புஷ்ஷைக் குழாய்க்குள் அடித்து இறுக்கும்போது அது இன்னும் சுருங்கும். அதையும் நான் நினைக்கவில்லை. படகு இறங்கியது, சோதனை ஓட்டத்தில் துறைமுக வாய் தாண்டுவதற்குள் ஷாஃப்ட் சூடாகிப் பிடித்துக்கொண்டது. இன்னொரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஓனர் பட்டறை வாசலில் நின்று கேட்டதை உங்கள் பத்திரிகையில் போட முடியாது. மேஸ்திரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஆறவச்சி அளந்தியாடா?”

சூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த டிராயிங்கில் எந்த நீள அளவு போட்டிருந்தாலும், வேறு ஏதும் சொல்லாதவரை அது 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. 1931-இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு இது. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே காசிமேட்டில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 40 டிகிரியில்தான் வேலை செய்கிறோம். 100 மில்லி இரும்புத் தண்டு அந்த 20 டிகிரி வித்தியாசத்துக்கு 23 மைக்ரான் நீளும். பேத்தி இதைக் கணக்குப் போட்டுவிட்டு, “அப்போ நீ செஞ்சதெல்லாம் தப்பா தாத்தா?” என்றாள். இல்லை. என் மைக்ரோமீட்டரும் இரும்புதானே. அதுவும் அதே கூரைக்குக் கீழே அதே 40-இல் வேர்த்துக்கொண்டிருக்கிறது. ஜாபும் அதுவும் சேர்ந்தே விரிவதால் கணக்கு நேராகிவிடும். ஜாப் மட்டும் தனியாகக் கொதித்தால்தான் வம்பு.

ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கிற சந்து வேறு விஷயம், அதையும் டாலரன்ஸ் என்றே பலர் சொல்கிறார்கள். மேலே சொன்ன எண்களையே வைத்துப் பாருங்கள். பருமனான ஷாஃப்ட் 50.00, சின்ன துளை 50.10, சந்து 0.10 மில்லி. மெலிந்த ஷாஃப்ட் 49.98, பெரிய துளை 50.14, சந்து 0.16 மில்லி. இந்தச் சந்துக்குப் பெயர் கிளியரன்ஸ். குறைந்தது இவ்வளவு சந்து வேண்டும் என்று வேண்டுமென்றே விடுகிற அந்த 0.10-க்குப் பெயர் அலவன்ஸ். இரண்டு பாகங்களுக்கு நடுவில் இருப்பது இவை. டாலரன்ஸ் ஒரே பாகத்துக்குள் இருப்பது. நைலான் புஷ் தண்ணீரைக் குடித்து ஊதும். அதனால் அதற்குக் கிளியரன்ஸைக் கூட்டிவிடுவோம், டாலரன்ஸ் அப்படியே இருக்கலாம். மூன்றையும் ஒரே வார்த்தையில் கட்டினால் புஷ் செய்கிறவன் செத்தான்.

எங்கள் படகுக்காரர்களுக்கு இந்த மூன்று வார்த்தையும் வேண்டாம். டைட்டு, லூஸு, ஆட்டம், தீர்ந்தது. “இன்னா மேஸ்திரி, ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்குது” என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த ஆட்டத்தை இங்கிலீஷ்காரன் ‘பிளே’ என்கிறான். நம் ஆளும் அவனைக் கேட்காமல் ஆட்டம் என்கிறான். நல்லவேளை, யாரும் இதை ‘விளையாட்டு’ என்று மொழிபெயர்த்துப் பத்திரிகையில் போடவில்லை. போட்டிருந்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

உங்கள் எழுத்தாளரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. லத்தீனில் தாங்குவது, பொறுப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்ததுதான் டாலரன்ஸ். அகராதியைத் திறந்தால் முதலில் வருவது சகிப்புத்தன்மைதான். 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு அளவுப் பொருள் ஏறியபோது, முதலில் அது நாணயம் அடிக்கிற இடங்களில் புழங்கியது. ஒரு தங்கக் காசு துல்லியமாக ஒரே எடையில் வராது. இவ்வளவு மில்லிகிராம் ஏறலாம், இவ்வளவு இறங்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைப்பார்கள். அந்த வித்தியாசத்துக்கு ‘ரெமடி’ என்றும் பெயர் உண்டு. ‘ரெமடி’ என்றால் மருந்து என்று போட்டுவிட மாட்டீர்களே. நம்ம தங்கசாலையில் கம்பெனியார் காலத்து நாணயச் சாலை இருந்தது, அதனால்தான் தெருவுக்கே அந்தப் பெயர். பிறகு அந்த இடம் அரசு அச்சகமானது. தங்கசாலை வழியாக பஸ்ஸில் போகிறபோதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். அங்கே தராசு முன்னால் உட்கார்ந்து காசு நிறுத்த ஆள், இந்தக் ‘கூடக்குறைய’ சமாசாரத்தைத் தன் வீட்டில் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பான்?

அதே ஞாயிறு உங்கள் முதல் பக்கத்தில், தெருவில் குப்பை கொட்டுகிறவர்களிடம் ‘ஜீரோ டாலரன்ஸ்’ காட்டப்போவதாகச் செய்தி. அது வேறு அர்த்தம், சகிப்பதே இல்லை என்ற அர்த்தம், அங்கே சரி. பட்டறையில் ஒருவர் அளவுக்கு ஜீரோ டாலரன்ஸ் என்று எழுதிக்கொண்டு வந்தால், “சார், வேற எடம் பாருங்க” என்பேன். மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒன்றே என்றால் அப்படி ஒரு ஜாபை யாராலும் செய்து கொடுக்க முடியாது. 0.1-க்கு லேத் போதும். 0.01 வேண்டுமென்றால் சாணைக்கல்லில் தேய்க்கிற கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் கீழே, பொடி வைத்து இன்னும் நைசாகத் தேய்க்கிற லேப்பிங். ஒரு சைபர் கூடக்கூட பில்லும் கூடும். அதனால் டாலரன்ஸை இறுக்கமாகப் போடுகிறவர் கெட்டிக்காரர் என்று நினைக்காதீர்கள். எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்தலாம் என்று தெரிந்தவர்தான் நல்ல டிராயிங்காரர். பாய்லர் மூடியின் வெளிவட்டத்துக்கு 0.02 போட்டு அனுப்பிய ஒரு பொடியனை நான் போனில் கூப்பிட்டு, “தம்பி, அது எங்கயும் உள்ள போகப் போறதில்லியே, காத்துலதானே நிக்கப் போவுது” என்று கேட்டிருக்கிறேன்.

வீடு கட்டுகிற உங்கள் வாசகர்களுக்கு இது இன்னும் நேராகப் படும். 12 மில்லி முறுக்குக் கம்பி மீட்டருக்கு 888 கிராம் எடை. இந்தியத் தரக் கணக்கில் அந்தப் பருமனுக்கு 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். 10 மில்லி வரை 7 சதவீதம், 16-க்கு மேல் 3 சதவீதம். என் மகன் கொடுங்கையூரில் மாடி எடுத்தபோது வந்த கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி நிறுத்தேன், 847 கிராம். இன்னொன்று, 850. அடுத்தது 846. சரியாகக் கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டு எல்லாமே ஒரே பக்கம். கடைக்காரரிடம் கேட்டேன். “டாலரன்ஸ் இருக்குது சார், கவர்மெண்டே குடுத்திருக்கான்” என்றார். அவர் சட்டப்படி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கம்பியை எண்ணிக்கைக் கணக்கில் விற்று, மெலிந்த பக்கமாகவே வாங்கி அடுக்கி வைத்தால், அந்த 5 சதவீதம் யார் பையில் போகிறது? எனக்கு அவர் எடைக் கணக்கில்தான் பில் போட வேண்டும் என்று நின்றேன். போட்டார். டாலரன்ஸ் என்றால் சகிப்புத்தன்மை என்று நம்பிக்கொண்டு போயிருந்தால், நானும் சகித்துக்கொண்டு வந்திருப்பேன்.

இந்தச் சொல் இல்லாமல் நாம் ஒரு நாள் ஓட்ட முடியாது என்பதையும் உங்கள் பகுதி சொல்லியிருக்கலாம். 6205 என்று ஒரு பேரிங் உண்டு. பிராட்வே பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். உள்விட்டம் 25 மில்லி, வெளிவிட்டம் 52, தடிமன் 15. ஜப்பானில் செய்ததோ, ஸ்வீடனில் செய்ததோ, நம் நாட்டில் செய்ததோ, நான் காசிமேட்டில் கடைந்த தண்டில் போய் உட்காரும். அதைச் செய்தவன் முகத்தை நான் பார்த்ததில்லை, அவனுக்குக் காசிமேடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவனும் நானும் ஒரே எல்லைகளுக்குள் நின்றோம், அதனால் உட்கார்ந்தது. ஸ்வீடனில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன் என்பவர், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிற அளவுக்கு மழமழவென்று தேய்த்த இரும்புக் கட்டிகளைச் செய்து, உலகத்துப் பட்டறைகளெல்லாம் ஒரே அளவு பேச வழி செய்தார். ஸ்லிப் கேஜ் என்று ஐடிஐயில் மரப்பெட்டியில் வெல்வெட் துணி போட்டு வைத்திருப்பார்களே, அவைதான். எங்களைத் தொடவிட மாட்டார்கள், விரல் வேர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்று.

சரி, தமிழில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘பொறுதி’ என்று வைக்கலாமே என்றார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிலும் அந்தப் ‘பொறு’ ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்குத் தோன்றுவது ‘கூடக்குறைய’. “எவ்ளோ கூடக்குறைய இருக்கலாம்?” என்று பட்டறையில் தினமும் கேட்கிற கேள்விதான். காய்கறிக் கடையிலும் கேட்கலாம், தையற்கடையிலும் கேட்கலாம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பேத்திதான் இதில் ஓட்டை கண்டுபிடித்தாள். அவள் புத்தகத்தில் 25 மில்லி துளைக்கு ஹெச்-7 என்று ஒரு கணக்கு. கீழ் எல்லை 25.000, மேல் எல்லை 25.021. “இதுல கூடத்தானே செய்யலாம், குறையவே கூடாதே. அப்போ கூடக்குறைய எப்படி வரும் தாத்தா?” என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். பதில் இல்லை. அவள் சொல்வது சரிதான். டாலரன்ஸ் அந்த 21 மைக்ரான் அகலம், அது, 25 என்று பெயர் சொல்லிப் போட்ட அளவுக்கு இந்தப் பக்கமே முழுக்க இருக்கலாம், அந்தப் பக்கமே இருக்கலாம், இரண்டு பக்கமும் பிரிந்தும் இருக்கலாம். ஆகவே பொதுவாசகருக்கு ‘கூடக்குறைய’ போதும், மாணவர்களுக்கு டாலரன்ஸ் என்று தமிழ் எழுத்திலேயே போட்டு, கூடவே இரண்டு எண்ணைக் காட்டிவிடுங்கள். எண்ணைக் காட்டினால் சொல் தானாகப் புரியும்.

அந்த ஹெச்-7 விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷில் பெரிய எழுத்து ஹெச் போட்டால் துளை, சின்ன எழுத்து ஹெச் போட்டால் தண்டு. துளைக்கு அளவு மேலே போகும், தண்டுக்குக் கீழே போகும். நேர் எதிர். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது, இரண்டும் ஹெச்-7 தான். என்றைக்காவது இதைப் பற்றிப் போடுவதாக இருந்தால் ‘துளை ஹெச்-7’, ‘தண்டு ஹெச்-7’ என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பத்திரிகையைப் பார்த்து எவனாவது ஒரு பையன் கடைந்து, உள்ளே போக வேண்டியது உள்ளே போகாமல் உட்கார்ந்திருப்பான்.

கடிதம் நீண்டுவிட்டது. வாசகர் கடிதங்களைச் சுருக்குகிற உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று நீங்களே கீழே போட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சுருக்குங்கள். தங்கசாலையை எடுத்துவிடலாம், பாய்லர் மூடியை எடுத்துவிடலாம், படகுக்காரர் என்னைத் திட்டியதை எடுத்துவிட்டால் எனக்கும் நல்லது. புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். 25.021 என்பதை 25.02 என்று முழுசாக்கிப் போட்டால், முதலில் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி என் முன்னால் நீட்டப்போகிறவள் வீட்டிலேயே இருக்கிறாள்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
காசிமேடு, சென்னை-13.